எதிர் அறை

கப்பலில் அறை எடுக்க வருகிறவர்கள் ஜன்னல் இருக்கிறதா, கட்டில் பெரியதா, சாப்பாட்டுக் கூடம் பக்கத்திலா என்று கேட்பார்கள். ஃபிட்டர் கேட்டதைக் கேட்டு அந்த டிராவல் ஆபீஸ் பெண் மவுஸிலிருந்து கையையே எடுத்துவிட்டாள்.

"கதவைத் திறந்து வெளிய வந்தா படிக்கட்டு வலது கைப் பக்கம் இருக்கணும்மா. இடது பக்கம்னா வேண்டாம்."

"படிக்கட்டு எந்தப் பக்கம் இருந்தா என்ன சார்? லிஃப்ட்டே ஆறு இருக்கு."

"லிஃப்ட்டைப் பத்தி நான் கேக்கவே இல்லையே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு மானம் போயிற்று. "அப்பா, அம்மாவுக்குச் சத்தமில்லாத ரூம் வேணும்னுதானே வந்தோம். வலது இடதுன்னு எதுக்குக் குட்டையைக் குழப்புறீங்க?" என்று மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்தான். இருபத்தேழு வருஷம் சரக்குக் கப்பல்களின் இஞ்சின் ரூமில் ஃபிட்டராக இருந்தவர். மனுஷக் குரலில் பாதியை இஞ்சின் தின்றுவிட்டது. இரும்பில் இரும்பு பட்டால் மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்தும் கேட்கும்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். முப்பத்தொரு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்துவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஊரோடு சேர்ந்து ஃபிட்டரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார். அந்தக் காலத்தில் பிள்ளைகளை அடக்க டீச்சர் பிரம்பு எடுத்ததில்லை. தண்ணீர் கொண்டுபோகும் ஸ்டீல் பாட்டிலால் மேஜையில் மூன்று தட்டு தட்டுவார், வகுப்பு கப்சிப். இப்போது அதே பாட்டில்தான் வீட்டில் ஃபிட்டரைச் சாப்பிடக் கூப்பிடுகிறது. தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாத மனுஷன், டங் டங் டங் என்றால் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

டீச்சர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னையும் ஒரு தடவை கப்பல்ல கூட்டிட்டுப் போங்க." சரக்குக் கப்பலில் ஃபிட்டரின் பெண்டாட்டிக்கு இடம் கிடையாது, அது சரி. வேலையை விட்டு வந்தபிறகு என்ன கேடு? முட்டி வலி என்றார், மழைக்காலம் என்றார், மகளுக்குப் பரீட்சை என்றார். பன்னிரண்டு வருஷம் சாக்குச் சொல்லியே ஓட்டினார். இந்தத் தடவை மகளே டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிட்டாள். சாக்கு தீர்ந்துபோய் அவர் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

கப்பலின் வரைபடத்தை விரித்துவைத்துப் பென்சிலை எடுத்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீச்சல்குளத்துக்குக் கீழே இருக்கும் அறை வேண்டாம், விடியும் முன்பே தலைமேல் நாற்காலி இழுப்பார்கள். முன்கோடி வேண்டாம், நங்கூரச் சங்கிலி இறங்கும்போது ஆளைக் கட்டிலோடு தூக்கிப்போடும். பின்கோடியில் ராத்திரி பகல் பார்க்காமல் தரை அதிரும். பாட்டுக் கச்சேரிக் கூடத்துக்கு மேலே என்றால் அதைவிடச் சந்தையில் படுத்துக்கொள்ளலாம். இப்படிக் கோடு போட்டுக் கழித்துக்கொண்டே போனதில், மூவாயிரம் பேர் போகிற கப்பலில் கடைசியாக நாலே அறை மிஞ்சியது.

அதில் ஒன்று ஐந்தாம் தளத்தில், நடுக் கப்பலில் இருந்தது. படிக்கட்டிலிருந்து ஒரு நடைவழி பிரிந்து போகும். ஒன்பது கதவு தாண்டினால் அந்த அறை. அதற்கு அப்பால் இன்னும் ஆறு கதவு, பிறகு துணி அடுக்கும் அறை. அது பூட்டியே இருக்கும், வழி அதோடு முடிந்தது. முட்டுச்சந்து என்பதால் அந்தப் பக்கம் ஒரு குருவிகூடப் போகாது. சத்தமில்லாமல் இருந்ததற்குக் காரணமே அதுதான். ஜன்னல் இல்லாத உள்பக்க அறை. ஆனால் கதவைத் திறந்து வெளியே வந்தால் படிக்கட்டு வலது கைப் பக்கம்.

"இதைப் போடும்மா" என்று சொல்லி அந்த அறைமேல் பென்சிலால் வட்டம் போட்டார்.

வலது கைப் பக்கத்துக்கு அவர் இப்படி உயிரை விட்டதற்குக் காரணம் டீச்சர்தான். வீட்டில் படுக்கையறைக் கதவைத் திறந்தால் குளியலறை, சமையலறை, வாசல் எல்லாமே வலது பக்கம். இடது பக்கம் சுவர். முப்பத்தாறு வருஷம் அதே வீடு. தூக்கக் கலக்கத்தில் எழுந்தால் டீச்சரின் கால் யாரையும் கேட்காமல் வலது பக்கம் திரும்பிவிடும். தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது விடிகாலையில் எழுந்து வலது பக்கம் திரும்பி பீரோவில் மோதி, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கத்தோடு மூன்று நாள் நடமாடினார். மகளின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் தங்கியபோது வலது பக்கம் திரும்பி ஆண்கள் வார்டுக்குள் போய், யாரோ ஒரு கிழவரின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார். வீட்டில் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஃபிட்டரும் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் அவருக்கு ஈரக்குலை நடுங்கும்.

ஏனென்றால் அவருக்கு ஒரு ஆள் தெரியும். சோடா என்று பெயர், புட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அப்படிக் கூப்பிட்டார்கள். ஃபிட்டர் முன்பு இருந்த ஒரு சரக்குக் கப்பலில் எண்ணெய் போடுகிற வேலை. ஃபிட்டரின் அறைச் சுவருக்குப் பின்னால் காற்றாடி ஒன்று இரவும் பகலும் கத்திக்கொண்டிருந்தது. சோடாவின் அறை நேர் எதிரே, சத்தமே கிடையாது. தலையில் இடி விழுந்தாலும் தூங்குகிறவன் சோடா. தூங்காமல் கண் எரிந்துபோன ஃபிட்டர் அவனிடம் கெஞ்சினார். "எதிர் அறைதானடா, நாலடி. மாத்திக்கலாம்டா." சோடா சிரித்துக்கொண்டே தலையணையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான்.

ஒரு அறைக்கு வலம் என்பது எதிர் அறைக்கு இடம். சோடாவின் பழைய அறையிலிருந்து வலது பக்கம் திரும்பினால் ஏணி. புது அறையிலிருந்து வலது பக்கம் திரும்பினால் சாமான் அறையின் பூட்டிய கதவு. மாற்றிய பத்தாம் நாள் மதியம் பெயின்ட் அறையில் தீப்பிடித்து, நடைவழி முழுக்கக் கரும்புகை. ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் மேலே வந்த ஃபிட்டர், கையில் ஸ்பானரோடு அந்த ஏணியடியில் நின்றுகொண்டிருந்தார். சோடா உள்ளே தூங்குகிறான் என்று தெரியும். எழுந்தால் அவன் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரியும். உள்ளே பதினைந்தடிதான். போகலாமா என்று நின்றார். முப்பது எண்ணுவோம், வந்துவிடுவான் என்று எண்ணினார். முப்பது எண்ணி முடித்ததும் ஏணியில் ஏறிப் போய்விட்டார். புகை அடங்கியபிறகு சோடாவைச் சாமான் அறைக் கதவடியில் எடுத்தார்கள். கண்ணாடி இல்லை, கை கதவின் மேல் இருந்தது.

இதை அவர் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. டீச்சரிடமும் சொன்னதில்லை.

கிளம்பும் நாளும் வந்தது. ஐந்தாம் தளத்தில் ஒன்பது கதவை விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவர், அறை முன்னால் நின்று சாவி அட்டையை நுழைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் நுழைத்தார், மறுபடியும் சிவப்பு. டீச்சர் அட்டையை வாங்கி எண்ணைப் படித்தார். "இது இல்லீங்க, எதிர் ரூம்" என்று சொல்லித் திரும்பி நாலடி நடந்து கதவைத் திறந்தார். உள்ளே ஒரு வட்ட ஜன்னல், அதில் கடல்.

ஃபிட்டர் முகத்தில் ஈயாடவில்லை. கரையிலிருந்த மகளுக்கு உடனே போன் போட்டார்.

"சர்ப்ரைஸ்ப்பா. கடைசி நேரத்துல அந்த ரூம் காலியாச்சுன்னு சொன்னாங்க. அம்மா கடலைப் பார்க்கவா ஜன்னல் இல்லாத ரூம்ல படுக்கணும்? எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான். அதே தளம், அதே சத்தமில்லாத இடம்."

"படிக்கட்டு?"

"அதே படிக்கட்டுதாம்ப்பா. எதிர் ரூம்தானே, நாலடி."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அன்றைக்குச் சோடாவிடம் அவர் சொன்ன அதே வார்த்தை.  கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரவேற்பு மேஜையில் போய்க் கேட்டார். கப்பல் நிறைந்துவிட்டது, காலி அறை ஒன்றுகூட இல்லை என்றார்கள். எதிர் அறையில் இருப்பவர்களிடம் நாங்களே கேட்டுப்பார்க்கவா என்றார்கள். ஜன்னல் அறை கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அவர் "நானே கேட்டுக்கிறேன்" என்று ஓடிவந்து எதிர்க் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். உள்ளே புதிதாகக் கல்யாணமான ஜோடி போலிருக்கிறது, அவர் காதுக்கே எட்டும்படி இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிய கை அப்படியே நின்றது. ஒருத்தனை அறை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிய வாய் இது. இன்னொரு தடவை அதே வாயால் கேட்பதா? கேட்டு, அவர்களும் சிரித்துக்கொண்டே தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தால்? அவர் கையை இறக்கிவிட்டுத் தன் அறைக்கே திரும்பி வந்தார். 

அன்று சாயங்காலமே வகுப்பு ஆரம்பமாயிற்று. இந்தத் தடவை டீச்சர்தான் மாணவி.

"கண்ணை மூடிக்கோ. கதவைத் திற. இப்போ திரும்பு."

டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார், கதவைத் திறந்தார், வலது பக்கம் திரும்பினார்.

"இடது பக்கம். இடது பக்கம்னு சொன்னேன் இல்ல?"

"சரி, இடது."

"மறுபடியும்."

மறுபடியும் வலது. மூன்றாவது தடவை இடது. நாலாவது தடவை பேசிக்கொண்டே திரும்பியதில் மறுபடியும் வலது. "எத்தனை தடவை சொல்றது உனக்கு? மண்டையில ஏறாதா?" என்று ஃபிட்டர் போட்ட கூச்சலில், எதிர் அறைப் பையன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடிக்கொண்டான்.

"நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா?" என்றார் டீச்சர்.  "முப்பத்தாறு வருஷமாக் கேட்டு, இப்பத்தான் ஏறியிருக்கேன். ஏறுன அன்னிக்கே ஏங்க இப்படி?"

அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கதவைச் சாத்தினார். வேறு வழியில்லாமல் சோடாவைப் பற்றிச் சொன்னார். காற்றாடிச் சத்தத்தைச் சொன்னார், அறை மாற்றியதைச் சொன்னார், தீயைச் சொன்னார், வலது பக்கம் திரும்பிப் போய் அவன் செத்ததைச் சொன்னார். டீச்சர் ஸ்டீல் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"நான்..." என்று ஜன்னலைப் பார்த்தார் ஃபிட்டர். "நான் மேல இருந்தேன்."

டீச்சர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, படுங்க" என்று விளக்கை அணைத்தார்.

அடுத்த இரண்டு நாளும் ஃபிட்டர் கப்பலைப் பார்க்கவே இல்லை. கடலையும் பார்க்கவில்லை. டீச்சர் எங்கே போனாலும் நிழல் மாதிரி பின்னால் போனார். அறைக்குள் இருக்கும்போது கதவுக்கு வலது பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அடைத்தார், திரும்புவது கதவுக்கு வெளியே என்பதால் அது ஒரு மண்ணுக்கும் உதவாது என்று பிறகுதான் புரிந்தது. டீச்சரின் செருப்பை இடது பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தார். தூக்கத்தில் இஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மோப்பம் பிடித்தார். எந்நேரமும் என்னவோ நடக்கப்போகிறது என்கிற பயம் விடவே இல்லை. இந்த லட்சணத்தில் அதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு டீச்சர் படுத்தார். ஃபிட்டர் நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார்.

"என்னைப் பார்த்தது போதும். மேல போய் ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க. அதுக்குள்ள கப்பல் ஒண்ணும் முழுகிடாது."

"அப்படியெல்லாம் பேசாத டீச்சர்."

"போங்களேன். எனக்குக் கொஞ்சம் தனியா இருக்கணும்."

மனசே இல்லாமல் போனார். பதினோராம் தளத்தில் டீ வாங்க நீண்ட வரிசை. இரண்டு கோப்பையையும் கவுன்ட்டரில் வைத்து மூடி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கப்பலின் ஆபத்து மணி அடித்தது. ஏழு குட்டை, ஒரு நெட்டை. பக்கத்திலிருந்தவர்கள் ஒத்திகை என்று நினைத்துச் சிரித்தார்கள். ஃபிட்டருக்கு அது ஒத்திகை இல்லையென்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் மணிக்கு முன்பே மூக்குக்கு வந்திருந்தது. ஒயர் எரிகிற நாற்றம். கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

படிக்கட்டு இரண்டு பிரிவாக இறங்கும். இரண்டிலும் ஜனம் ஏறி வந்துகொண்டிருந்தது, எல்லார் கழுத்திலும் ஆரஞ்சு மிதவைச் சட்டை, எல்லா முகமும் ஒரே முகம். அவர் ஒரு பிரிவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எதிர்நீச்சல் போட்டு இறங்கினார். ஐந்தாம் தளத்துக்கு வந்தபோது நடைவழிக் கதவு பாதி சாத்தியிருந்தது. அதன் இடுக்கில் புகை கசிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட சிப்பந்தி ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"மேல போங்க சார். இந்தப் பக்கம் எல்லாரும் வந்தாச்சு."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

"வந்தாச்சு சார்."

அன்றைக்கும் ஏணியின் உச்சியில் யாரோ இதையேதான் சொன்னார்கள். ஃபிட்டருக்கு அந்த ஒரு நொடியில் வந்த பயம், வாழ்நாளில் அதற்கு முன்பு வந்ததில்லை. ஓடிப்போ என்று உடம்பு முழுவதும் சொன்னது.  வாய் தானாக ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தது. நாலு என்று வந்ததும் அவருக்கே அருவருப்பாகிவிட்டது. சிப்பந்தியின் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து உள்ளே போய்விட்டார்.

விளக்கு போயிருந்தது. தரையோரத்தில் ஒரு பச்சைக் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கோட்டுக்கென்ன, அது இரண்டு பக்கமும்தான் போகிறது. சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மண்டி போட்டார். ஒரு கையைச் சுவரில் வைத்துத் தவழ்ந்தார். ஒரு கதவு, இரண்டு கதவு. ஒன்பது தாண்டி அடுத்த கதவு திறந்து கிடந்தது. உள்ளே போய்க் கட்டிலைத் தடவினார். போர்வை இன்னும் சூடாக இருந்தது, ஆள் இல்லை. குளியலறையிலும் இல்லை.

வரும் வழியில் எதிரே யாரும் வரவில்லை. அப்படியென்றால் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறார். கால் சொன்ன பக்கம், முப்பத்தாறு வருஷம் திரும்பிய பக்கம். "டீச்சர்" என்று கத்த வாயைத் திறந்தவருக்கு இருமல்தான் வந்தது. எந்தக் கதவடியில் கிடக்கிறாரோ. படிக்கட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முட்டுச்சந்தை நோக்கித் தவழ்ந்தார்.

ஆறு கதவையும் தடவிப் பார்த்தார். எல்லாம் பூட்டியிருந்தன. கடைசியில் துணி அறைக் கதவு கையில் பட்டது. அதன் அடியில் மெத்தென்று என்னவோ கிடந்தது. உயிரே போய்விட்டது அவருக்கு. இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு தடவினார். அழுக்குத் துணி மூட்டை. அதைத் தள்ளிவிட்டு இன்னும் தேடினார், இந்த மூலை, அந்த மூலை, மறுபடியும் முதல் மூலை. டீச்சர் அங்கே இல்லை.

திரும்பிப் போகலாம் என்று பார்த்தபோதுதான், எந்தப் பக்கம் வந்தோம் என்பது மறந்துபோனது தெரிந்தது. தேடிய தேடலில் எத்தனை சுற்று சுற்றினாரோ. பச்சைக் கோடும் புகையில் போய்விட்டது. சுவரில் கை வைத்தால் எல்லாச் சுவரும் ஒரே சுவர். இருபத்தேழு வருஷம் கப்பலில் கிடந்த மனுஷனுக்கு வலது எது, இடது எது என்று தெரியவில்லை. சோடாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தலையைத் தரையில் வைத்துப் படுத்துவிடலாம் போலிருந்தது.

டங். டங். டங்.

முதலில் காதுக்குள்ளேயே கேட்கிறது என்று நினைத்தார். மறுபடியும் கேட்டது. இரும்பில் இரும்பு. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று தட்டு. அந்தச் சத்தமில்லாத முட்டுச்சந்தில் வேறு எந்த ஒலியும் இல்லாததால் அது சுத்தமாகக் காதில் விழுந்தது. ஃபிட்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். சாப்பிடக் கூப்பிட்டால் எப்படி எழுந்து வருவாரோ அப்படி, அதையே பிடித்துக்கொண்டு வந்தார். கதவுகளை எண்ணவில்லை. வழியில் இரண்டு தடவை கை தளர்ந்து படுத்தார். இரண்டு தடவையும் டங் டங் டங் என்று விடாமல் கூப்பிட்டது. கடைசியில் யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள்.

படிக்கட்டுக் கதவடியில் டீச்சர் நின்றிருந்தார். கையில் ஸ்டீல் பாட்டில், அடிப்பாகம் சப்பிப்போய் இருந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் டீச்சரின் தோளைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். டீச்சரோ கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன்மேல் இன்னும் தட்டிக்கொண்டே இருந்தார். ஃபிட்டரைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை.

தீ ஒன்றும் பெரியதில்லை. கூரைக்குமேல் ஓடிய மின்சார ஒயர் கருகியது, அரைமணியில் அணைத்துவிட்டார்கள். எதிர் அறை ஜோடி நீச்சல்குளத்தில் இருந்தார்களாம், மணியை ஒத்திகை என்றே நினைத்தார்களாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஃபிட்டரைத் திறந்தவெளித் தளத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைச் செருகி, கம்பளியைப் போர்த்திவிட்டு டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். டீச்சர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இடது பக்கம் திரும்பினியா?" என்று கேட்டார் ஃபிட்டர். குரல் கரகரத்தது.

"திரும்பினேன்."

"எப்படி?"

"நீங்க குளிக்கப் போறப்பல்லாம் கண்ணை மூடிக்கிட்டு நடந்து பார்த்தேன். நேத்துக் காலையில மட்டும் இருபது தடவை. உங்க முன்னாடி நடந்தாத்தான் தப்பு வருது. கத்துறீங்க இல்ல?" டீச்சர் முந்தானையால் அவர் முகத்துக் கரியைத் துடைத்தார். "இன்னிக்கும் அதுக்குத்தான் டீ வாங்க அனுப்பிச்சேன். படுத்துத் தூங்கி, எழுந்த கையோட நடந்து பார்க்கணும்னு. மணியடிச்சுதா, நேரா வந்துட்டேன். மேல வந்து பார்த்தா ரெண்டு டீயும் கவுன்ட்டர்ல அப்படியே இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இந்த மனுஷன் என்னைத் தேடி அந்த மூலைக்குத்தான் போயிருப்பார்னு. கத்துனா உங்களுக்குக் கேக்காது. அதான் தட்டினேன்."

"அவர் உன்னைப் பிடிச்சு இழுத்துட்டிருந்தாரே."

"இழுத்தார். நான் போகல. நீங்க வராம நான் எங்க போறது?" டீச்சர் பாட்டிலைத் திருப்பிச் சப்பிப்போன அடியைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணாமல் இருக்கமுடியுமா? "இருநூத்துப் பதினாலு தட்டு."

ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோரமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. டீச்சர் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட எழுந்தார். ஃபிட்டர் டீச்சரின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நான் மேல இல்ல டீச்சர்."

"தெரியும்."

"ஏணிக்குக் கீழ நின்னேன். நீ நின்ன மாதிரியேதான். முப்பது எண்ணினேன். அப்புறம் போயிட்டேன்."

டீச்சர் பிடித்த கையை விடவில்லை. ஃபிட்டரின் கண் அந்த நசுங்கிப்போன பாட்டிலிலேயே இருந்தது. இத்தனை வருஷத்தில் உள்ளே போயிருக்கலாமே, போயிருக்கலாமே என்று நினைத்து நினைத்துச் செத்திருக்கிறார். இது மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"இரும்பு ஏணி அது" என்றார். "அன்னிக்கு என் கையில ஸ்பானர் இருந்துச்சு டீச்சர்."